பாரசீகம்: வரலாறு, மொழி, உலகத் தொடர்புகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரசீகத்தைப் பற்றி நாம் பள்ளிப் பாடங்களில் படித்தவற்றில் பெரும்பகுதி, அந்நாட்டோடு போரிட்ட கிரேக்கர்களும் பிற்காலத்தில் அதன் எண்ணெயை நாடி வந்த ஐரோப்பியரும் எழுதி வைத்தவை. பாரசீகர் தாமே எழுதிய பாறைக் கல்வெட்டுகளும் களிமண் ஏடுகளும் காவியங்களும் நமக்கு மிகவும் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தன. இந்தப் பக்கத்தின் விடைகள், இயன்ற இடங்களிலெல்லாம், அவர்கள் எழுதியதையே முதற்சான்றாகக் கொள்கின்றன.

பாரசீகமும் ஈரானும் ஒன்றுதானா?

ஒரே நாட்டின் இரு பெயர்கள் என்று சொன்னால் பெரும்பாலும் சரியே. ஆனால் அவற்றின் பிறப்பு வேறு. இன்றைய ஈரானின் தென்மேற்கில் உள்ள பார்ஸ் என்னும் மாகாணத்தின் பெயரைக் கிரேக்கர்கள் நாடு முழுவதற்கும் வைத்து அழைத்தனர்; அதிலிருந்து மேலை மொழிகளில் பெர்சியா என்றும், வடமொழி வழியாகத் தமிழில் பாரசீகம் என்றும் பெயர்கள் வழங்கின. அந்நாட்டு மக்களோ கி.பி. 3ஆம் நூற்றாண்டில் தொடங்கிய சாசானியர் காலம் முதலே தம் நாட்டை ஈரான் என்றும் ஈரான்ஷஹர் என்றும் குறித்து வந்தனர். 1935இல் ரேசா ஷா அரசு, கடிதப் போக்குவரத்தில் ஈரான் என்றே எழுத வேண்டுமென வெளிநாடுகளைக் கேட்டுக்கொண்டது. எனவே அந்த ஆண்டில் நாட்டின் பெயர் மாற்றப்பட்டதாகக் கூறுவது பிழை. வீட்டுக்குள் வழங்கிய பெயர் அன்று வெளியிலும் வழங்கத் தொடங்கியது, அவ்வளவுதான்.

பண்பாட்டையும் இலக்கியத்தையும் பேசும்போது பாரசீகம் என்றும், தற்கால அரசைப் பேசும்போது ஈரான் என்றும் எழுதுவது பொருத்தமாக இருக்கும்.

ஈரானியர்கள் அரபியர்களா?

அல்லர். எழுத்து அரபு எழுத்தாக இருப்பதால் இந்த மயக்கம் எழுகிறது. அரபு மொழி எபிரேயத்தோடு சேர்ந்த செமித்தியக் குடும்பம். பாரசீகம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். தந்தை, தாய், உடன்பிறந்தான் ஆகியோரைப் பாரசீகர் பெதர், மாதர், பராதர் என்பர். வடமொழியின் பிதா, மாதா, பிராதா ஆகியவற்றை அறிந்த தமிழர்க்கு இந்த உறவை விளக்கத் தேவையில்லை. அரபு எழுத்தில் இல்லாத ப, ச, ழ, க ஆகியவற்றை ஒத்த தம் ஒலிகளுக்காகப் பாரசீகர் நான்கு எழுத்துகளைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டனர். அரபியில் ப ஒலி இல்லாமற்போனதால்தான் பார்ஸி என்னும் மொழிப்பெயரே ஃபார்ஸி ஆயிற்று.

ஈரானுக்குள் பாரசீகர் மட்டுமே வாழ்வதாக எண்ணுவதும் தவறு. அஸெரி துருக்கியர், குர்துகள், லூர்கள், பலூச்சிகள், தென்மேற்கில் அரபியர், துர்க்மேனியர் எனப் பல மக்கள் அங்கே வாழ்கின்றனர். மறுபுறம், ஆப்கானிஸ்தானில் தாரி என்ற பெயரிலும், தஜிகிஸ்தானில் தஜிக் என்ற பெயரில் சிரிலிக் எழுத்திலும் அதே மொழி வழங்குகிறது.

சைரஸ் உருளை உலகின் முதல் மனித உரிமைச் சாசனம் என்பது உண்மையா?

பலரும் விரும்பிப் பகிரும் செய்தி இது. ஆனால் உருளையில் எழுதியிருப்பது வேறு. பார்ஸ் பகுதியின் சிற்றரசராயிருந்த இரண்டாம் சைரஸ், கி.மு. 550 அளவில் ஈரானின் வடமேற்கில் ஆண்ட மீதியரை வென்று, பின் இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த லிதியாவையும் பிடித்து, கி.மு. 539இல் பாபிலோனுக்குள் நுழைந்தார். அவ்வெற்றியை ஒட்டி அந்நகரின் மதிலடியில் வைப்பதற்காகப் பாபிலோனிய மொழியில் எழுதப்பட்ட களிமண் உருளையே அது. 1879இல் கண்டெடுக்கப்பட்டு, லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முந்தைய அரசன் நபோனிடஸ் தெய்வக் குற்றம் செய்தவன். பாபிலோனின் தெய்வமான மர்துக்கே சைரஸைத் தேடிக் கைபிடித்து அழைத்துவந்தார். இடம் பெயர்க்கப்பட்டிருந்த தெய்வத் திருவுருவங்களும் மக்களும் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். இவையே அதன் செய்திகள். மெசபொத்தாமிய அரசர்கள் பதவியேற்றதும் எழுதிவைக்கும் மரபில் அமைந்த வாசகம்தான் இது. அடிமை முறை ஒழிப்பும் ஊதிய உரிமையும் அதில் இருப்பதாக இணையத்தில் உலவும் மொழிபெயர்ப்பு போலியானது. யூதர்களின் பெயரும் அதில் இல்லை. அவர்கள் எருசலேமுக்குத் திரும்ப சைரஸ் அனுமதித்த செய்தியை விவிலியத்தின் எஸ்றா நூல் தருகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்த உருளையின் மதிப்பு குறையாது என்பதே என் எண்ணம். வென்ற நகரத்தின் தெய்வத்தை வணங்கி, அந்நகரத்தின் மொழியிலேயே தன் ஆட்சியை எழுதிவைத்த ஓர் அயல்நாட்டு அரசரை அது காட்டுகிறது. அடுத்த இரு நூற்றாண்டுகள், சைரஸ் நிறுவிய அகாமனிசியப் பேரரசு இயங்கிய விதத்திற்கு அதுவே முன்மாதிரி. அந்தப் பெருமைக்கு இல்லாத வாசகங்களை ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மறைந்துபோன பழம் பாரசீக எழுத்தை எப்படிப் படித்தார்கள்?

ஈரானின் கெர்மான்ஷாவுக்கு அருகில், பாபிலோனையும் எக்பட்டானாவையும் இணைத்த பழைய பெருவழியின் ஓரத்தில் பெகிஸ்தூன் என்னும் செங்குத்தான மலை நிற்கிறது. கி.மு. 522இல் குழப்பத்தின் நடுவே அரியணை ஏறிய முதலாம் டேரியஸ், தன்னை எதிர்த்தவர்களை ஒவ்வொருவராக அடக்கிய கதையை அந்தப் பாறையில் மிக உயரத்தில் பொறித்தார். பழம் பாரசீகம், ஈரானின் தென்மேற்கில் வழங்கிய தொன்மொழியான ஏலமியம், பாபிலோனியம் என மும்மொழிகளில் அமைந்த அந்த வாசகத்தின் மேல், கைகள் கட்டப்பட்டுக் கழுத்தில் கயிறு பூட்டிய பகைவர்களின் வரிசையும் செதுக்கப்பட்டுள்ளது.

ஜெர்மானிய ஆசிரியரான குரோட்டஃபென்ட் 1802இலேயே, டேரியஸ் எழுப்பிய அரண்மனை நகரான பெர்சப்போலிஸின் கல்வெட்டு நகல்களில் திரும்பத் திரும்ப வந்த அரசர் பெயர்களைக் கொண்டு சில எழுத்துகளை இனங்கண்டிருந்தார். 1835 முதல் ஆங்கிலேய அதிகாரி ஹென்றி ராலின்சன் ஏணிகளின் மேல் நின்று பெகிஸ்தூன் வாசகத்தைப் படியெடுத்தார். எவரும் எட்ட முடியாத பாபிலோனியப் பகுதியை, பாறையில் ஆப்புகளை அடித்துக் கயிற்றில் தொங்கியபடி ஒரு குர்துச் சிறுவன் படியெடுத்துக் கொடுத்தான். அச்சிறுவனின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. மெசபொத்தாமியாவில் ஆப்பு வடிவக் குறிகளால் எழுதப்பட்ட ஆப்பெழுத்து ஏடுகள் அனைத்தையும் படிப்பதற்கான திறவுகோல் அந்தப் பாறையிலிருந்துதான் கிடைத்தது.

பெர்சப்போலிஸ் அடிமைகளால் கட்டப்பட்டதா?

இக்கேள்விக்கு விடை சொல்லும் சான்று, கவனிப்பாரின்றி மதிற்சுவரின் அறைகளுக்குள் கிடந்தது. 1933–34இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் அங்கே அகழ்ந்தபோது, உள்ளங்கைக்குள் அடங்கும் களிமண் ஏடுகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. பெரும்பாலானவை ஏலமிய மொழியில் எழுதப்பட்டவை, கி.மு. 509 முதல் 493 வரையிலான ஆண்டுகளைச் சேர்ந்தவை. அரசனின் வெற்றியைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. யாருக்கு எவ்வளவு வாற்கோதுமை, எவ்வளவு மது, எத்தனை ஆடு கொடுக்கப்பட்டது என்னும் பண்டசாலைக் கணக்குகள் அவை.

அந்தக் கணக்குகளைப் படிக்கையில் ஒரு நாடே கண்முன் எழுகிறது. பேரரசின் பல பகுதிகளிலிருந்தும் வந்த ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் குழுக்களாக வேலை செய்து மாதந்தோறும் தானியப் படி பெற்றனர். பெண் மேற்பார்வையாளர் சிலர் தம் குழுவிலிருந்த ஆண்களைவிடக் கூடுதலாகப் பெற்றனர். குழந்தை பெற்ற தாய்மாருக்குச் சிறப்புப் படி உண்டு. ஆண் குழந்தையானால் அது இரு மடங்கு. இந்துஷ் எனப்பட்ட சிந்துப் பகுதியிலிருந்து சூசா நகருக்குப் பயணம் போனவர்களுக்கு வழியில் அளந்து கொடுத்த மாவின் கணக்கும் உண்டு. ஒரே நிர்வாகம் ஏலமியர், பாரசீகர், பாபிலோனியர் ஆகியோரின் தெய்வங்களுக்குப் படையல் பொருள்களை வழங்கியிருக்கிறது.

இவர்களை அடிமைகள் என்பதா, கூலியாட்கள் என்பதா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கின்றனர். விருப்பப்படி வேலையை விட்டுப் போகும் உரிமை அவர்களில் பலருக்கு இருந்திருக்காது என்பதே பொதுவான கருத்து. பேரரசு அவர்களை இடம் பெயர்த்துக் கொண்டுவந்திருக்கிறது. ஆயினும் பெயரில்லாத அடிமைக் கூட்டம் சாட்டையடியில் கட்டிய மாளிகை என்னும் படத்திற்கு இந்த ஏடுகள் இடம் தரவில்லை.

சூசா அரண்மனை பற்றி டேரியஸ் எழுதிய அடிக்கல் வாசகமும் இதனோடு சேர்த்துப் படிக்கத் தக்கது. லெபனான் மலையின் தேவதாரு, சார்திஸிலிருந்தும் பாக்திரியாவிலிருந்தும் பொன், சொக்தியாவின் நீலக்கல், எத்தியோப்பியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் தந்தம். கல் செதுக்க அயோனியர், பொன் வேலைக்கு மீதியரும் எகிப்தியரும், செங்கல் அறுக்கப் பாபிலோனியர் என்று பொருளையும் கைவினைஞரையும் அவரே வரிசைப்படுத்துகிறார்.

சிகாகோவுக்கு ஆய்வுக்கென இரவலாகச் சென்ற அந்த ஏடுகளை விற்று நட்டஈடு பெற முயன்ற ஒரு வழக்கில், அதற்கு இடமில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு 1,700க்கும் மேற்பட்ட ஏடுகள் ஈரானுக்குத் திரும்பின.

கிரேக்கரிடம் தோற்றதோடு பாரசீகம் வீழ்ந்துவிட்டதா?

மாரத்தான் (கி.மு. 490), சலாமிஸ் (கி.மு. 480) போர்களில் பாரசீகர் தோற்றது உண்மை. ஆனால் அதே கி.மு. 480இல் பாரசீகப் படை ஏதென்ஸ் நகரைப் பிடித்து எரித்தது. அப்போர்களுக்குப் பின் பேரரசு மேலும் ஏறத்தாழ 150 ஆண்டுகள் நீடித்தது. கி.மு. 387 அளவில், கிரேக்க நகரங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையின் விதிகளை வகுத்துக் கொடுத்தவரே பாரசீக அரசர்தான். கிரேக்கர்களுக்கு அது வாழ்வா சாவா என்ற போர்; பாரசீகத்துக்கோ எகிப்திலிருந்து சிந்து வரை பரந்த ஆட்சியின் மேற்கெல்லைச் சிக்கல்களில் ஒன்று.

கி.மு. 330இல் அலெக்சாந்தரின் படை பெர்சப்போலிஸை எரித்ததோடு அகாமனிசியர் ஆட்சி முடிந்தது. அலெக்சாந்தரின் தளபதி வழிவந்த செலூக்கியரின் கிரேக்க ஆட்சிக்குப் பின் ஈரானிய மரபினரான பார்த்தியர் எழுந்தனர், கி.மு. 53இல் கார்ரே என்னுமிடத்தில் ரோமப் படையை நொறுக்கினர். கி.பி. 224இல் அவர்களை வென்ற சாசானியர் 651 வரை ஆண்டனர். அவர்களில் முதலாம் ஷாபூர் 260இல் ரோமப் பேரரசர் வலேரியனை உயிரோடு சிறைப்பிடித்தார். பகைவர் கையில் சிறைப்பட்ட ரோமப் பேரரசர் அதற்கு முன் எவரும் இல்லை. அக்காட்சி இன்றும் நக்‌ஷே ருஸ்தம் மலைச்சுவரில் சிற்பமாக நிற்கிறது.

ஜொராஸ்டிரிய சமயத்துக்கும் வேத மரபுக்கும் உறவு உண்டா?

மொழியளவில் மிக நெருங்கிய உறவு உண்டு. இஸ்லாத்துக்கு முன் ஈரானில் வழங்கிய அச்சமயத்தை நிறுவிய ஜொராஸ்டரின் பாடல்களான காதாக்களின் மொழி, இருக்கு வேத மொழிக்கு உடன்பிறப்பு எனலாம். வடமொழியின் சகரம் அங்கே பெரும்பாலும் ஹகரமாகும்: சப்த என்பது ஹப்த, சோம என்பது ஹஓம, அசுர என்பது அஹுர. ஆனால் பொருள் பல இடங்களில் தலைகீழ். அஹுர மஸ்தா அங்கே முழுமுதற் கடவுள். தேவர்களோ வெறுக்கத்தக்க தீய சக்திகள்.

இந்த ஒலி மாற்றம்தான் நமக்கும் ஒரு பெயரைத் தந்தது. சிந்து என்னும் ஆற்றின் பெயர் பாரசீகர் வாயில் ஹிந்து ஆயிற்று. அதைக் கேட்ட கிரேக்கர் ஹகரத்தை விட்டு இந்தோஸ் என்றனர். இந்து, இந்தியா ஆகிய இரு பெயர்களும் பாரசீக நாவின் வழியே வந்தவை.

அரபியர் வென்ற பிறகும் பாரசீக மொழி எப்படிப் பிழைத்தது?

என்னைப் பொறுத்தவரை பாரசீக வரலாற்றின் மையக் கேள்வி இதுவே. 7ஆம் நூற்றாண்டில் அரபியர் வென்ற எகிப்தும் சிரியாவும் ஈராக்கும் காலப்போக்கில் தம் பழைய மொழிகளை விட்டு அரபு பேசத் தொடங்கின. ஈரானியர் சமயத்தை ஏற்றனர், எழுத்தையும் ஏற்றனர், மொழியை மட்டும் விடவில்லை.

முதல் இரு நூற்றாண்டுகளில் ஈரானிய அறிஞர் பலரும் அரபியில்தான் எழுதினர். அரபு இலக்கணத்தை முதன்முதலில் முழுமையாக வகுத்த சீபவைஹி பாரசீகரே. பிற்காலத்தில் மத்திய ஆசியாவில் பிறந்த இப்னு சீனாவும் தம் புகழ்பெற்ற மருத்துவப் பெருநூலை அரபியில் எழுதினார். அது லத்தீனுக்குப் போய் ஐரோப்பிய மருத்துவக் கல்வியில் பல நூற்றாண்டுகள் பாடநூலாயிற்று. அல்கோரிதம் என்று கணினித் துறையில் நாம் சொல்லும் சொல், குவாரஸ்மி என்னும் அறிஞரின் பெயரிலிருந்து வந்தது. கலீபாக்களின் அரசுக் கணக்குகளையும் ஓலைகளையும் எழுதிய தபீர் எனப்படும் எழுத்தர் குடும்பங்கள், சாசானியர் கால ஆட்சிமுறையைப் புதிய அரசுக்குக் கைமாற்றின.

10ஆம் நூற்றாண்டில் புகாராவை ஆண்ட சாமானியர் காலத்தில் பாரசீகம் மீண்டும் இலக்கிய மொழியாகத் தலைநிமிர்ந்தது. கவிஞர் ரூதகி பாடினார்; வரலாற்றாசிரியர் தபரியின் அரபு வரலாறு பாரசீகத்துக்கு வந்தது. தூஸ் நகரத்துப் பிர்தௌசி, ஏறத்தாழ 50,000 ஈரடிகள் கொண்ட ஷாநாமா என்னும் அரசர் காவியத்தை 1010இல் நிறைவு செய்தார். அரபுச் சொற்கள் அதில் மிகக் குறைவு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த நூலை இன்றைய ஈரானியர் அதிகம் தடுமாறாமல் படிக்கின்றனர்.

அதன்பின் நிகழ்ந்தது வியப்பானது. ஈரானை வென்றவர்கள் பெரும்பாலும் துருக்கியரும் மங்கோலியரும். ஆனால் அவர்கள் அனைவரும் பாரசீக எழுத்தர்களைக் கொண்டே ஆண்டனர். 1246இல் மங்கோலியப் பெருங்கான் குயுக், போப்பாண்டவருக்கு அடிபணியச் சொல்லி அனுப்பிய கடிதம் பாரசீக மொழியில் எழுதப்பட்டு, இன்றும் வாத்திக்கன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் சீனத்தின் ஹாங்சௌ நகரில் படகில் சென்ற இப்னு பத்தூத்தா, பாடகர்கள் பாரசீகப் பாடலொன்றைத் திரும்பத் திரும்பப் பாடக் கேட்டார். அது சாதி (ஸஅதி) என்னும் பாரசீகக் கவிஞரின் கவிதை என்று ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். ஈரானின் ஷா இஸ்மாயில் துருக்கி மொழியிலும், அவரை 1514இல் சால்திரானில் தோற்கடித்த உதுமானிய சுல்தான் சலீம் பாரசீகத்திலும் கவிதை எழுதினர்.

ஈரான் எப்போது ஷியா நாடாயிற்று?

1501இல். அதற்கு முன் அங்கே பெரும்பான்மையினர் சுன்னிகளே. சஃபவி வம்சத்தின் முதல் அரசரான ஷா இஸ்மாயில், பன்னிரு இமாம்களைப் பின்பற்றும் ஷியா மரபை அரச சமயமாக அறிவித்தார். மாற்றம் வன்முறையோடும்தான் நிகழ்ந்தது. லெபனான் பகுதியிலிருந்து ஷியா அறிஞர்களும் வரவழைக்கப்பட்டனர்.

பாலை நிலத்தில் நகரங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் தட்டுப்படும் வரை ஆழமாக ஒரு தாய்க்கிணறு தோண்டுவர். அந்த நீர்மட்டத்திலிருந்து ஊரை நோக்கி மிக மெல்லிய சரிவில் நிலத்துக்கடியில் சுரங்கக் கால்வாய் வெட்டுவர். மண்ணை அள்ளவும் காற்றுக்காகவும் இடையிடையே செங்குத்துக் கிணறுகள் இருக்கும். வானிலிருந்து பார்த்தால் அவை எறும்புப் புற்றுகளின் வரிசை போலத் தெரியும். கனாத் எனப்படும் இந்த அமைப்பில் நீர் தானாகவே இறங்கி ஓடும்; வெயிலில் ஆவியாகி வீணாகாது. சரிவு கூடினால் சுவர் அரிக்கும், குறைந்தால் வண்டல் தேங்கும். விளக்கொளியில் தவழ்ந்தபடி, கிலோமீட்டர் கணக்கில் அந்தச் சரிவைப் பிசகாமல் காத்த கனாத் வெட்டுநர்களான முகன்னிகளின் கைத்திறனை எவ்வளவு போற்றினாலும் தகும். கோனாபாத் கனாத் 30 கிலோமீட்டருக்கும் நீளமானது, 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது, இன்றும் ஓடுகிறது.

ஊருக்கு வந்த நீரைப் பங்கிட, அடியில் சிறு துளையிட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது நிரம்பி மூழ்கும் நேரத்தை ஒரு பங்காகக் கொண்டனர். நம் முன்னோரின் நாழிகை வட்டிலும் இதே முறைதான். 2016இல் யுனெஸ்கோ 11 கனாத்துகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பே, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆழ்துளைக் கிணறுகளும் மோட்டார்களும் நிலத்தடி நீரை இறக்கியதால் எண்ணற்ற கனாத்துகள் வறண்டுபோயின.

நவ்ரூஸ் இஸ்லாமியப் பண்டிகையா?

இல்லை, அது இஸ்லாத்துக்கு முந்தைய புத்தாண்டு. நவ்ரூஸ் என்றால் புது நாள். மார்ச் 20 அல்லது 21 அளவில் சூரியன் நிலநடுக்கோட்டைக் கடக்கும் அதே நொடியில் ஆண்டு பிறக்கிறது. ஆகவே நள்ளிரவிலும் பிறக்கலாம், பட்டப்பகலிலும் பிறக்கலாம். கவிஞராக உலகம் அறிந்த உமர் கய்யாம், 1079இல் இந்தச் சூரிய நாட்காட்டியைத் திருத்திய வானியலாளர் குழுவில் ஒருவர். சகர ஒலியில் தொடங்கும் ஏழு பொருள்களை (முளைப்பயிர், பூண்டு, ஆப்பிள், காடி முதலியன) விரிப்பில் வைப்பர். பதின்மூன்றாம் நாள் எல்லோரும் வீட்டை விட்டு வெளியே பசும்புல் உள்ள இடத்துக்குச் சென்று உண்டு களிப்பர். மூத்தவர் வீட்டுக்கு இளையவர் முதலில் செல்ல வேண்டும் என்பது முறை.

ஈரானியர் மேலை நாடுகளை ஐயத்தோடு பார்ப்பது ஏன்?

1979 புரட்சியிலிருந்து கதையைத் தொடங்கினால் இதற்கு விடை கிடைக்காது. 1813, 1828 ஆண்டுகளின் உடன்படிக்கைகளால், அன்று ஈரானை ஆண்ட கஜார் வம்சத்தின் அரசு காக்கசஸ் நிலங்களை ரஷ்யாவிடம் இழந்தது. 1890இல் நாட்டின் புகையிலை விளைவு, விற்பனை, ஏற்றுமதி முழுவதும் ஓர் ஆங்கிலேயருக்கு ஏகபோகமாக வழங்கப்பட்டது. சமயத் தலைவர் மிர்சா ஷிராசியின் பெயரில் வந்த தடையாணையை ஏற்று மக்கள் புகைபிடிப்பதையே நிறுத்தினர். 1892இல் ஷா அந்த உரிமையைத் திரும்பப் பெற்றார். 1906இல் அரசியலமைப்புப் புரட்சி நாடாளுமன்றத்தைப் பெற்றுத் தந்தது. மறு ஆண்டே ஈரானைக் கேளாமல் பிரிட்டனும் ரஷ்யாவும் அந்நாட்டைச் செல்வாக்கு மண்டலங்களாகப் பங்கிட்டுக்கொண்டன.

1901இல் வில்லியம் டார்சி எண்ணெய் எடுக்கப் பெற்ற 60 ஆண்டு உரிமத்தின்படி, நிகர லாபத்தில் ஈரானின் பங்கு 16 விழுக்காடு. 1908 மே மாதம் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. 1914இல் பிரிட்டிஷ் அரசே அந்த எண்ணெயை எடுத்த நிறுவனத்தின் பெரும்பங்குதாரர் ஆயிற்று. 1951இல் நாடாளுமன்றம் எண்ணெயை நாட்டுடைமையாக்கியது. அதை முன்னின்று நடத்திய முகமது மொசாதெக் பிரதமரானார். 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகள் திட்டமிட்ட ஆட்சிக் கவிழ்ப்பில் அவர் வீழ்ந்தார். இதில் தன் பங்கை சிஐஏ ஒப்புக்கொள்ளும் ஆவணங்கள் 2013இல் வெளியாயின. 1979க்குப் பின் நடந்தவற்றை இது நியாயப்படுத்தாது. அமெரிக்கத் தூதரக ஊழியர்களை 444 நாட்கள் பிணையாக வைத்ததும், நாட்டுக்குள் மாற்றுக் கருத்தினர் ஒடுக்கப்பட்டதும் தனியே கணக்கில் வைக்க வேண்டியவை. ஆனால் ஐயத்தின் வேர் எவ்வளவு பழையது என்பதை இந்த ஆண்டுகள் காட்டுகின்றன.

இந்தியாவுக்கும் பாரசீகத்துக்கும் இடையே எவை போய்வந்தன?

6ஆம் நூற்றாண்டில் முதலாம் குஸ்ரோ அவையிலிருந்து வந்த புர்சோய் என்னும் மருத்துவர் பஞ்சதந்திரத்தைச் சாசானியர் காலப் பாரசீகமான பஹ்லவி மொழிக்குக் கொண்டுசென்றார் என்பது மரபு. அது 8ஆம் நூற்றாண்டில் அரபியில் கலீலா வ திம்னாவாகி ஐரோப்பா வரை பரவியது. சதுரங்கம் அங்கே சத்ரங் ஆயிற்று. அரசன் வேறு வழியின்றி மாட்டிக்கொண்டான் என்னும் பொருளில் அவர்கள் சொன்ன ஷா மாத் என்பதே ஆங்கிலத்தின் செக்மேட்.

எதிர்த்திசையில் வந்தவை ஓவியமும் தோட்டக்கலையும் அரசு மொழியும். அக்பர் பாரசீகத்தை ஆட்சி மொழியாக்கினார். மகாபாரதம் அவர் அவையில் பாரசீகமாயிற்று. இளவரசர் தாரா ஷிகோ 1657இல் உபநிடதங்களைப் பாரசீகத்தில் தந்தார். அதிலிருந்து செய்த லத்தீன் மொழிபெயர்ப்பின் வழியாகவே ஐரோப்பிய மெய்யியலாளர்கள் முதன்முதலில் உபநிடதங்களை அறிந்தனர். இதே உறவில் 1739ஆம் ஆண்டும் உண்டு: நாதிர் ஷாவின் படை டில்லியில் பெருங்கொலை செய்து மயிலாசனத்தைக் கொண்டுபோயிற்று.

தமிழில் பாரசீகச் சொற்கள் உள்ளனவா?

தாலுகா அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வந்தாலே போதும். தாசில்தார், சிரஸ்தார், ஜமீன்தார், சுபேதார், ஹவில்தார் ஆகிய சொற்களின் ஈற்றில் நிற்கும் தார் என்பது, உடையவர் என்னும் பொருள் தரும் பாரசீக விகுதி. ஜமீன் என்றால் நிலம். ரசீது என்பதன் பொருள் வந்து சேர்ந்தது. குமாஸ்தா என்றால் அமர்த்தப்பட்டவர். தஸ்தாவேஜின் தஸ்த் என்பது கை. சிப்பாய், சர்க்கார், தர்பார், பந்தோபஸ்து, பஜார் ஆகியனவும் அவ்வழியே வந்தவை. வக்கீல், கஜானா, ஜில்லா போன்றவை அரபுச் சொற்களாயினும் பாரசீக ஆட்சி மொழியின் மூலமே நம்மிடம் வந்தன. தக்காணச் சுல்தான்கள், முகலாயர், தஞ்சை மராத்தியர், ஆற்காட்டு நவாபு என அலுவலகம் கைமாறிக்கொண்டே வந்தபோதும் எழுத்தரின் சொற்கள் நிலைத்தன. கிழக்கிந்தியக் கம்பெனியும் 1837இல்தான் அலுவல் மொழியாகப் பாரசீகத்துக்கு இருந்த இடத்தைச் சட்டத்தால் நீக்கியது. சமையலறையில் பாதாம், பிஸ்தா, கிஸ்மிஸ். வறுத்தது என்னும் பொருளுடைய பிரியான் என்ற சொல்லிலிருந்து பிரியாணி. பட்டுப் புடவையில், பொன்னைக் குறிக்கும் ஸர் என்ற சொல்லிலிருந்து ஜரிகை.

தென்னாட்டிலும் இலங்கையிலும் நேரில் காணக்கூடிய பாரசீகச் சான்றுகள் எவை?

சென்னை பரங்கிமலைத் தேவாலயத்தில், 1547இல் போர்த்துகேயர் கண்டெடுத்த கற்சிலுவையைச் சுற்றி ஓடும் வாசகம் பஹ்லவி எழுத்தில் உள்ளது. அதன் பொருளை அறிஞர்கள் பலவாறாகப் படித்துள்ளனர். பாரசீகத் திருச்சபையோடு இக்கரைக்கு இருந்த தொடர்புக்கு அது சான்று என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடு, வேணாட்டு ஆட்சியாளர் கொல்லத்தில் இருந்த தேவாலயத்துக்கு வழங்கிய உரிமைகளை வட்டெழுத்தில் சொல்கிறது. அதில் சாட்சிகளாக ஒப்பமிட்ட வணிகர்களின் கையெழுத்துகள் அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகம் என மூன்று வகையின.

பாண்டியர் காலக் குதிரை வணிகத்தின் விவரம், வஸ்ஸாஃப் என்னும் பாரசீக வரலாற்றாசிரியரின் நூலில் இருக்கிறது. பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவை ஆண்ட மாலிக் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார் என்றும், அவருடைய உடன்பிறந்தவர் இங்கே பாண்டியனின் அமைச்சராயிருந்தார் என்றும் அவர் எழுதுகிறார்.

பிற்காலத்தில் இஸ்பஹானின் புது ஜுல்ஃபாவிலிருந்து ஆர்மீனிய வணிகர்கள் மதராசுக்கு வந்தனர். முதலாம் ஷா அப்பாஸ் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டாயமாகக் குடிபெயர்த்த மக்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் பாலம் கட்டிய பெத்ரோஸ் உஸ்கான் அவர்களில் ஒருவர். உலகின் முதல் ஆர்மீனிய இதழான அஸ்தரார் 1794இல் மதராசில் அச்சானது. அதை வெளியிட்ட பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மாவோனியன் ஷிராஸ் நகரில் பிறந்தவர். ராயபுரத்தில், ஈரானிலிருந்து வந்த ஜொராஸ்டிரியரின் வழித்தோன்றல்களான பார்சிகளின் தீக்கோயில் 1910 முதல் இருக்கிறது.

இலங்கையின் காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள கல்வெட்டை இறுதியாகக் குறிப்பிட வேண்டும். 1409ஆம் ஆண்டைச் சேர்ந்த அதை, கடற்படைத் தளபதி செங் ஹே வழியாகச் சீனப் பேரரசர் அனுப்பி வைத்தார். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெய்வந்துறையில் கோயில் கொண்ட தென்னாவர நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் காணிக்கை செலுத்துகிறது. காணிக்கைப் பொருள்களின் பட்டியல் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. அன்றைய இந்தியப் பெருங்கடலில் ஒரு செய்தி எல்லோருக்கும் எட்ட வேண்டுமானால் எந்தெந்த மொழிகளில் எழுத வேண்டும் என்று சீன அரசவை முடிவு செய்தபோது, தமிழோடு அது தேர்ந்துகொண்ட மற்றொரு மொழி பாரசீகம்.